ஆற்றில் போனது குளத்தில் கிடைத்தது: ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களில் இருந்து மீண்ட விருத்தாசலம் சிலைகள்

விருத்தாசலம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பீங்கான்தான். அகல் விளக்கு, பொம்மை, பூச்சாடி, ஊறுகாய் ஜாடி என்று இந்த ஊரின் சூளைகளில் வெந்த பொருள் ஏதாவது ஒன்று தமிழ்நாட்டுப் பல வீடுகளில் இருக்கும். கொலு வைக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

பீங்கான் தொழிலில் உயிர்நாடி அச்சு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் களிமண் படிந்து பொம்மை உருவாகிறது. காயவைத்து, மெருகு பூசி, சூளையில் சுட்டால் வேலை முடிந்தது. ஒரு பொம்மை உடைந்தால் கவலை இல்லை. அதே அச்சில் இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம்.

அதே ஊரில், சூளைகளில் இருந்து கொஞ்ச தூரத்தில், அச்சே இல்லாத சிற்பங்கள் இருக்கின்றன. விருத்தகிரீஸ்வரர் கோயிலின் சுவர்களில் சோழர் காலத்துச் சிற்பிகள் கல்லில் வடித்தவை அவை. அவற்றில் ஒன்று போனால், மறுபடி வார்க்க வழியில்லை.

அப்படித்தான் இரண்டு சிற்பங்கள் போயின. அவை போய்ச் சேர்ந்த இடம் சாதாரணமானது அல்ல. ஒன்று சிட்னி நகரின் கலைக்கூடம். இன்னொன்று ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில், அந்த நாட்டின் தேசிய கலைக்கூடம். சுற்றுலாப் பயணிகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகும் இடங்கள்.

அவை அங்கே எப்படிப் போயின, எப்படித் திரும்பின என்ற கதையில் பழைய புகைப்படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

காசிக்கு வீசம் அதிகம்

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். 'விருத்தம்' என்றால் முதுமை, 'அசலம்' என்றால் மலை. இறைவனுக்குப் பழமலைநாதர் என்ற பெயரும் உண்டு. மணிமுத்தாறு ஓடும் இந்த ஊரைக் காசியைவிட வீசம் அளவு புண்ணியம் கூடுதலான ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 'விருத்தகாசி' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது.

இன்று நாம் பார்க்கும் கற்கோயிலின் மையப் பகுதி, பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சோழ அரசி செம்பியன் மாதேவி எடுப்பித்தது. காவிரிக் கரையிலும் அதைச் சுற்றிலும் பல செங்கல் கோயில்களைக் கல்லாக மாற்றியவர் அவர். அவர் எடுப்பித்த கோயில்களின் சுவர்களில் கோஷ்டங்கள் எனப்படும் மாடங்கள் இருக்கும். அந்த மாடங்களில் நிற்கும் சிற்பங்களின் அழகுக்குத் தனிப் பெயரே உண்டு.

விருத்தாசலம் கோயில் மாடத்தில் இருந்தவர்களில் ஒருவர் அர்த்தநாரீஸ்வரர். வலப்பாகம் ஆண், இடப்பாகம் பெண். பிராகாரம் சுற்றுகிறவர்கள் நின்று கும்பிட்டுவிட்டு நகரும் சாமி. தொலைவில் ஒரு நாட்டில் அதற்கு ஒரு விலை இருக்கும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஏரிக்கரையில் ஒரு தலைநகரம்

கான்பெரா, அரசியல் சமரசத்தில் பிறந்த ஊர். சிட்னியா, மெல்பனா, எது தலைநகர் என்ற போட்டி முடிவுக்கு வராததால், இரண்டுக்கும் இடையே புதிதாக ஒரு நகரத்தையே கட்டிவிடுவது என்று முடிவானது. நகரத்தின் வரைபடத்துக்கு உலக அளவில் போட்டி வைத்தார்கள். 1912-ல் வென்றது வால்டர் பர்லி கிரிஃபின் தந்த வடிவமைப்பு. அதற்கான ஓவியங்களை வரைந்தவர் அவருடைய மனைவியும் கட்டடக் கலைஞருமான மேரியன் மஹோனி கிரிஃபின். நாடாளுமன்றம் 1927-ல் இங்கே இடம் மாறியது. நகரின் நடுவே உள்ள ஏரி இயற்கையானது அல்ல. ஆற்றைத் தடுத்து 1964-ல் நீர் நிரப்பியது.

இன்று கான்பெராவுக்குப் போகிறவர்கள் பார்க்கும் முக்கிய இடங்கள் பலவும் இந்த ஏரியைச் சுற்றியே இருக்கின்றன. நாடாளுமன்றம், பழைய நாடாளுமன்றக் கட்டடம், தேசிய நூலகம், தேசிய அருங்காட்சியகம், குழந்தைகளை வெளியே இழுத்துவருவது சிரமமாகிவிடும் குவெஸ்டகான் அறிவியல் மையம், எல்லாமே பக்கத்தில்தான். ஹைகோர்ட் என்று பெயர் இருந்தாலும் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருக்கும் கட்டடமும் அதே கரையில் உள்ளது. அதை ஒட்டியே நிற்கிறது தேசிய கலைக்கூடம். 1982-ல் எலிசபெத் ராணி திறந்துவைத்த கான்கிரீட் கட்டடம். நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

இந்தக் கலைக்கூடத்துக்கு ஆசியக் கலை மீது ஆர்வம் அதிகம். 2002-ல் தொடங்கி 2011 வரை, நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் என்ற கலைப்பொருள் வியாபாரியிடம் இருந்து மட்டும் 22 பொருட்களை வாங்கியது. கொடுத்த தொகை ஒரு கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். அவற்றில் விலை உயர்ந்தது ஒரு நடராஜர் வெண்கலச் சிலை. 2008-ல் அதற்குச் சுமார் 50 லட்சம் டாலர். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து திருடப்பட்ட சிலை அது.

அந்த 22-ல் விருத்தாசலத்துக்காரரும் ஒருவர் இருந்தார். பிரத்யங்கிரா தேவி. 12-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் சிற்பம். 2005-ல் சுமார் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்கள்.

அதற்கு ஓராண்டு முன்பே, 2004-ல், அதே வியாபாரியிடம் இருந்து சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கலைக்கூடம் அர்த்தநாரீஸ்வரரை வாங்கியிருந்தது. விலை மூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல்.

கோயிலில் எண்ணெயும் திருநீறுமாக இருந்தவர்கள், அங்கே பீடத்தில், மிதமான விளக்கு வெளிச்சத்தில் நின்றார்கள். பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. அதில் பெயர், நூற்றாண்டு, கல்லின் வகை, வாங்கிய ஆண்டு. ஊரின் பெயரைச் சரியாக எழுத வேண்டிய இடத்தில்தான் வழுக்கல்.

ரசீது சொன்னதும் படம் சொன்னதும்

ஒரு நாட்டின் தேசிய நிறுவனம் திருட்டுச் சிலையை எப்படி வாங்கும் என்ற கேள்வி வரும். வியாபாரிகள் அதற்கென்றே காகிதங்களைத் தயாரித்து வைத்திருப்பார்கள்.

இந்தியாவில் தொல்பொருட்களை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கும் இன்றைய சட்டம் 1972-ல் வந்தது. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ஐச் சேர்ந்தது. ஆகவே, ஒரு சிலை அதற்கெல்லாம் முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டிவிட்டால் வாங்குகிறவர்களின் தயக்கம் குறையும். பழைய தேதி போட்ட ஒரு ரசீது, முன்னாள் உரிமையாளர் என்று ஒருவர் எழுதிய கடிதம், இவை போதும்.

அர்த்தநாரீஸ்வரருக்கும் அப்படி ஒரு கதை காகிதத்தில் இருந்தது. 1970-ல் டெல்லியில் ஒரு கடை அதை விற்றதாக அந்தக் கதை சொன்னது.

அதைப் பொய்யாக்கிய புகைப்படங்கள் புதுச்சேரியில் இருந்தன.

புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955-ல் தொடங்கப்பட்டது. அதன் ஆய்வாளர்களும் புகைப்படக் கலைஞர்களும் பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகப் போய், சிற்பம் சிற்பமாகப் படம் எடுத்துவைத்தார்கள். இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்ற குறிப்பு ஒவ்வொன்றுக்கும் உண்டு. திருட்டைக் கண்டுபிடிக்க எடுத்த படங்கள் அல்ல இவை. கலை வரலாற்று ஆய்வுக்காக எடுத்தவை.

1974-ல் விருத்தாசலம் கோயிலில் எடுத்த படங்களில் அர்த்தநாரீஸ்வரர் தன் மாடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். பிரத்யங்கிராவும் அதே கோயிலில் பதிவாகியிருக்கிறார். 1970-லேயே டெல்லியில் விற்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சிலை, நான்கு ஆண்டு கழித்து விருத்தாசலத்தில் எப்படி இருக்க முடியும்? கல்லில் உள்ள தேய்மானமும் உடைசலும் அப்படியே பொருந்தின. ரசீது கதை அங்கேயே முடிந்தது.

இந்த ஒப்பீட்டைச் செய்தவர்களில் முக்கியமானவர் எஸ்.விஜயகுமார். கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டு, சிங்கப்பூரில் வசித்தபடி, சோழர் சிற்பங்களைப் பற்றி ஆர்வத்தால் எழுதத் தொடங்கியவர். அருங்காட்சியகங்களின் படங்களையும் பழைய ஆவணப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே அவருடைய வழி. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேசன் ஃபெல்ச்சும் இந்தியப் பத்திரிகைகளும் 2013-ஐ ஒட்டி இந்த விவரங்களைத் தொடர்ந்து வெளியிட, ஆஸ்திரேலியக் கலைக்கூடங்கள் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

அதற்கு முன்பே வியாபாரி சிக்கியிருந்தார். 2011 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கபூர் கைதானார். 2012 ஜூலையில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். சிலைத் திருட்டு வழக்கு ஒன்றில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

பிரதமர் கையில் வந்த சாமி

2014 செப்டம்பர் 5. இந்தியாவுக்கு வந்திருந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட், டெல்லியில் பிரதமர் நரேந்திர மோடியிடம் இரண்டு சிலைகளை ஒப்படைத்தார். ஒன்று, கான்பெராவில் இருந்து வந்த ஸ்ரீபுரந்தான் நடராஜர். இன்னொன்று, சிட்னியில் இருந்து வந்த விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர். சிலை திருட்டு என்றால் உள்ளூர்க் காவல் நிலைய விவகாரம் என்ற நிலை மாறி, இரண்டு நாட்டுப் பிரதமர்களின் சந்திப்பில் இடம்பெறும் விஷயமானது.

பிரத்யங்கிராவுக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆனது. கான்பெரா கலைக்கூடம் தன் ஆசியத் தொகுப்பைத் தணிக்கை செய்யும் பொறுப்பை ஹைகோர்ட்டின் முன்னாள் நீதிபதி சூசன் கிரென்னனிடம் கொடுத்தது. 2016 பிப்ரவரியில் வெளியான அவருடைய அறிக்கை, பல பொருட்களின் பின்னணி ஐயத்துக்குரியது என்று சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில், கான்பெராவில் அந்தக் கலைக்கூடத்திலேயே நடந்த நிகழ்ச்சியில் பிரத்யங்கிரா சிற்பம் அப்போதைய இந்தியப் பண்பாட்டுத் துறை அமைச்சர் மகேஷ் சர்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதோடு நிற்கவில்லை. 2021-ல் மேலும் 14 கலைப்பொருட்களைத் திருப்பித் தருவதாக அந்தக் கலைக்கூடம் அறிவித்தது. குழந்தை சம்பந்தர் வெண்கலச் சிலையும் அவற்றில் ஒன்று. இனி ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதில் நியாயமான சந்தேகம் இருந்தாலே அதை வைத்துக்கொள்வது சரியா என்று பார்ப்போம் எனத் தன் விதிகளையும் மாற்றிக்கொண்டது.

சுந்தரர் போட்ட தங்கம்

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தக் கதை எங்கோ கேட்டதுபோல் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு.

சுந்தரர் திருமுதுகுன்றத்துக்கு வந்து பாடி, இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார் என்பது தலவரலாறு. வழியில் திருடர் பயம். இறைவன் சொன்னபடி பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடி எடுத்தார். கரையில் நின்ற பரவை நாச்சியார், 'ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறீர்களே' என்று சிரித்தாராம். இன்றும் தமிழில் அது ஒரு சொலவடை.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் ஓர் இடம் இருக்கிறது. பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன் சுந்தரர் அதில் ஒரு சிறு துண்டை வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதற்குப் பெயர் மச்சம், அதாவது மாதிரி. திருவாரூரில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோதுதான் மாற்று குறைந்திருப்பது தெரிந்தது. மறுபடி பாடித்தான் சரியான பொன்னைப் பெற்றார். அந்தச் சோதனையின் நினைவாகத் திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் இருக்கிறார்.

கையில் மாதிரி இல்லாவிட்டால், கிடைத்தது நம்முடையதுதானா என்று சொல்ல முடியாது. 1974 படங்கள் விருத்தாசலத்தின் மச்சம்.

வாஷிங்டனில் பரவை

இதே மச்சம் இன்னொரு தலைநகரிலும் வேலை செய்திருக்கிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், நாடாளுமன்றத்துக்கும் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கும் இடையே நீளும் புல்வெளியின் இரு பக்கமும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றான தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம் தன்னிடம் இருந்த மூன்று வெண்கலச் சிலைகளைப் பற்றி 2023-ல் புதுச்சேரி ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்து ஆராய்ந்தது. மூன்றுமே 1956-க்கும் 1959-க்கும் இடையே தமிழ்நாட்டுக் கோயில்களில் படம் எடுக்கப்பட்டவை என்று உறுதியானது.

திருத்துறைப்பூண்டி கோயில் நடராஜர், மன்னார்குடிப் பக்கத்து ஆலத்தூர் சோமாஸ்கந்தர். மூன்றாவது, கள்ளக்குறிச்சிப் பக்கத்து வீரசோழபுரத்துச் சுந்தரரும் பரவையும். ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்த அதே இணை.

இவற்றை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அந்த அருங்காட்சியகம் 2026 ஜனவரியில் அறிவித்தது. நடராஜர் மட்டும் இந்திய அரசின் சம்மதத்தோடு நீண்டகாலக் கடனாக அங்கேயே காட்சியில் இருப்பார். எங்கிருந்து எடுத்துவரப்பட்டார், எப்படி அங்கே வந்தார் என்ற முழுக் கதையும் பார்வையாளர்களுக்குச் சொல்லப்படும் என்பது ஏற்பாடு. சிலையின் உரிமை ஒருவருக்கு, காட்சி இன்னொரு இடத்தில் என்ற புது வழி இது.

டெல்லிக்குப் போனால்

கான்பெராவும் வாஷிங்டனும் எல்லோருக்கும் எட்டும் தூரம் இல்லை. ஆனால் பள்ளி விடுமுறையில் டெல்லிக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட் என்ற வழக்கமான பட்டியலில் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலாவது ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகம். சுதந்திரத்துக்குப் பிறகு லண்டனில் ஓர் இந்தியக் கலைக் கண்காட்சி நடந்தது. அதற்காக நாடு முழுவதும் இருந்து சேகரித்த பொருட்கள் திரும்பி வந்தபோது, அவற்றைப் பிரித்து அனுப்பாமல் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்ற யோசனையில் பிறந்த நிறுவனம் இது. 1949 ஆகஸ்ட் 15 அன்று இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையில் தொடங்கி, 1960-ல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. மொகஞ்சதாரோவின் நடன மங்கை இங்கேதான் இருக்கிறாள். படங்களில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நேரில் அசந்துவிடுவார்கள். உயரம் சுமார் பத்தரை சென்டிமீட்டர்தான். பீங்கான் ஊர்க்காரர்கள் அரப்பா பானைகளின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம். நாலாயிரம் ஆண்டுக்கு முன் சக்கரத்தில் வனைந்து சூளையில் சுட்ட பானையின் கழுத்து வளைவு, கைவேலை தெரிந்தவர்களுக்குப் பழகிய வளைவாகவே இருக்கும். சோழர் வெண்கலங்களும் இங்கே உண்டு. திங்கட்கிழமை விடுமுறை.

இரண்டாவது புராண கிலா. ஹுமாயூனும் ஷெர் ஷாவும் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை. உயிரியல் பூங்காவுக்கு வரும் கூட்டத்தில் பலருக்கு, கோட்டைக்குள் இந்தியத் தொல்லியல் துறையின் ஒரு காட்சிக்கூடம் இருப்பது தெரியாது. பறிமுதல் செய்தும் வெளிநாடுகளில் இருந்து மீட்டும் கொண்டுவந்த தொல்பொருட்களுக்காகவே 2019-ல் திறந்தது. இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கதை. எப்போது செய்தார்கள் என்பது ஒன்று. எப்படிப் போய் எப்படி வந்தது என்பது இன்னொன்று. குழந்தைகளைக் கேள்வி கேட்கவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் சிலையின் பக்கத்தில் உள்ள அட்டையை முழுக்கப் படிப்பது நல்லது. 'தென்னிந்தியா', 'தமிழ்நாடு' என்று மட்டும் போட்டு ஊர்ப் பெயரை விட்டிருந்தால், அங்கே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

நாடு திரும்பினால் வீடு திரும்பியதாகுமா?

வெளிநாட்டில் இருந்து வந்துவிட்டால் கதை முடிந்துவிடுவதில்லை. சிலை வழக்கின் சான்றுப் பொருளாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பாதுகாப்பு இல்லாத கோயில் என்றால் அறநிலையத் துறையின் திருமேனிகள் பாதுகாப்பு மையத்துக்குப் போகும். பூட்டிய கதவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் சாமிகள் அங்கே ஏராளம்.

இதற்குப் பழைய உதாரணம் பத்தூர் நடராஜர். திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976-ல் மண்ணைத் தோண்டியபோது கிடைத்து, கைமாறி, லண்டன் வரை போன சிலை. இடிந்துபோன கோயிலின் சார்பில் வழக்கு நடத்தலாம் என்று லண்டன் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டதால் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது. 1991-ல் சிலை திரும்பியது. ஆனால் ஊருக்குப் போகாமல் திருவாரூரில் உள்ள பாதுகாப்பு மையத்தில் பல ஆண்டு இருந்தது.

மறுபடி திருடு போனால் யார் பொறுப்பு என்று அதிகாரிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஸ்ரீபுரந்தான் கோயிலில் வழிபாடு நின்று, பூட்டிக் கிடந்த நாட்களில்தான் திருடர்கள் புகுந்தார்கள். சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று 2008-ல் கதவைத் திறந்தபோதுதான் அவை போயிருப்பதே தெரிந்தது. அதே நேரம், விளக்கேற்றிப் பூசை செய்வதற்காக வடித்த திருமேனியை அலமாரியில் வைப்பதற்கா இவ்வளவு பாடுபட்டு மீட்டோம் என்று ஊர்க்காரர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கம்பிக் கதவு, கண்காணிப்புக் கேமரா, இரவுக் காவலர் என்று செலவு செய்தால் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் கிடைக்கும். ஆள் நடமாட்டமும் முக்கியம். நாலு பேர் தினமும் வந்து போகும் கோயிலில் கை வைக்கத் திருடனும் யோசிப்பான்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு மச்சம்

தமிழ்நாட்டுக் காவல் துறையில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983 முதல் இயங்குகிறது. ஆனால் 'எங்கள் கோயில் சிலை காணோம்' என்று புகார் கொடுக்கும் ஊரிடம் காவலர்கள் முதலில் கேட்பது, 'படம் இருக்கிறதா?' என்பதுதான். பல ஊர்களிடம் பதில் இருப்பதில்லை.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகவே இன்று நாமே போய்ப் படம் எடுத்துக் குவிக்க முடியாது. ஆனால் எடுத்த படங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. தாத்தா காலத்துக் கல்யாண ஆல்பம், கும்பாபிஷேக மலர், திருவிழா அழைப்பிதழ், காது குத்துக்கு எடுத்த குழுப்படம். மணமக்களுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் மாடத்தில் ஒரு சிலை நின்றிருக்கலாம்.

அப்படி ஒரு படம் இருந்தால், அதன் பின்புறம் ஊர், கோயில், ஆண்டு மூன்றையும் எழுதிவையுங்கள். போனில் ஒரு பிரதி எடுத்து வீட்டில் இரண்டு பேரிடமாவது வையுங்கள். வீடு மாறும்போது பழைய ஆல்பத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கோயில் நிர்வாகத்திடம் சிலைகளின் பதிவேடும் படங்களும் புதுப்பித்த நிலையில் இருக்கின்றனவா என்று கேட்பதும் பக்தர்களின் உரிமைதான்.

1974-ல் விருத்தாசலம் வந்து, வெயிலில் முக்காலியை நிறுத்தி, மாடம் மாடமாகப் படம் எடுத்துவிட்டுப் போனவர்களை அன்று யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து, கடல் கடந்து போன இரண்டு சாமிகளுக்கு அந்தப் படங்கள்தான் ஊர்ப் பெயரைத் திருப்பிக் கொடுத்தன.